குறும்பைன்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே பிறைபோல் வளைந்து கிடப்பது ஆல்ப்ஸ் மலை. அதன் அடிவாரத்துப் பள்ளத்தாக்குகளில் வயல்களும் பழத்தோட்டங்களும் உள்ளன. சிறிது மேலேறினால், குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் பீச்சு, மேப்பிள் முதலிய மரங்கள் அடர்ந்த காடு தொடங்கும். இன்னும் மேலே செல்லச் செல்ல அவை குறையும். ஊசிபோன்ற இலைகளையுடைய ஸ்புரூஸ், லார்ச்சு முதலிய நெடுமரங்கள் அவற்றின் இடத்தைப் பெறும். அவையும் போகப்போக உயரங் குன்றி, ஒருபுறக் கிளைகளை இழந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாய் நின்று, ஓர் எல்லைக்குமேல் அறவே இல்லாதொழியும். அதற்கப்பால் புல்லும் பாறையும் பனியுமே இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், அண்ணாந்து நோக்குவோர் கண்ணுக்கு அங்கே கரும்பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் ஒரு பரப்புத் தென்படும். அருகே சென்று பார்த்தால் அது கம்பளமன்று. இடுப்பளவும் சில இடங்களில் ஆளுயரமும் வளர்ந்து, கிளையோடு கிளை பின்னிக் கிடக்கும் புதர்க்காடு. அதனுள் வழி தவறிப் புகுந்தவர் பத்தடி தொலைவு நடப்பதற்குள் களைத்துப்போவர். அப்புதரே குறும்பைன் ஆகும்.

நிலத்தை அதன்கண் பூக்கும் பூவின் பெயரால் குறிஞ்சி என்றும் முல்லை என்றும் வழங்குதல் தமிழ் மரபு. ஆல்ப்ஸ் மலைவாழ் மக்களும், நெடுமரக் காட்டுக்கும் புல்வெளிக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியை அங்கு வளரும் மரத்தின் வடிவைக்கொண்டே குறிக்கின்றனர். ஜெர்மன் மொழியில் 'கிரும்ஹோல்ட்ஸ்' என்பது அதன் பெயர். 'வளைந்த மரம்' என்பது அச்சொல்லின் பொருள். குறும்பைனுக்குப் 'படுத்திருக்கும் பைன்' எனப் பொருள்படும் பெயரொன்றும் அம்மொழியில் உண்டு. இத்தாலி நாட்டு மருத்துவரும் தாவர நூலறிஞருமாகிய அந்தோனியோ துர்ரா என்பவர், 1764ஆம் ஆண்டில், மலைமக்கள் வழங்கிய பெயரையே தழுவி இதற்குப் 'பைனஸ் மூகோ' என்று பெயரிட்டார். அறிவியலார் இன்றும் அப்பெயரையே ஆள்கின்றனர். ஆல்ப்ஸ் மலையிலன்றிக் கிழக்கே கார்ப்பேத்திய மலையிலும், தென்கிழக்கே பால்கன் மலைகளிலும் இது வளர்கின்றது. 1,000 மீட்டர் முதல் 2,200 மீட்டர் வரையுள்ள உயரமே இதற்கு ஏற்ற இடம்; பல்கேரியாவின் தென்மேற்கு மலைகளில் 2,700 மீட்டர் வரையும் இதனைக் காணலாம்.

பைன் இனத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுட் பல வானளாவ ஓங்குவன. குறும்பைனோ மூன்று மீட்டர் உயரத்தைக் கடப்பதே அரிது. இதுதான் அடிமரம் என்று சுட்டிக் காட்டத்தக்க தண்டு ஒன்று இதற்கு இல்லை. வேரின் தலைப்பிலிருந்தே பல தண்டுகள் கிளைத்து, மலைச்சரிவின் வழியே கீழ்நோக்கி நிலத்தோடு நிலமாகப் படர்ந்து, பின்பு முழங்கையை மடக்கினாற்போல் நுனியை மட்டும் மேல்நோக்கி நிமிர்த்தும். மண்ணைத் தொட்ட கிளை வேரூன்றிக் கொள்வதும் உண்டு. இலைகள் ஓருறைக்கு இரண்டாகத் தோன்றும். ஒவ்வொன்றும் 3 முதல் 8 சென்டிமீட்டர் நீளமுடையது. அவை பல ஆண்டுகள் உதிராமல் கிளையிலேயே பசுமையாக நிற்கும். இதனை அழகு என்று மட்டும் கொள்ளற்க. அம்மலை முகட்டில் கோடைகாலம் சில கிழமைகளே நீடிக்கும். அச்சிறு பொழுதிற்குள் ஆண்டுதோறும் புதிதாக இலை முழுவதையும் ஆக்கிக்கொண்டு, பின்பு உணவும் சமைத்துக்கொள்ளப் போதிய காலம் இல்லை. பழைய இலையைக் காத்து வைத்திருக்கும் செடியோ, பனி உருகிய மறுநாளே உணவாக்கத் தொடங்கிவிடுகின்றது. கூம்புகளும் விரைவின்றி முதிர்வன. ஓராண்டில் தோன்றிய கூம்பு மறு ஆண்டில்தான் முற்றும். முற்றிய கூம்பின் செதில்கள் விரியும்பொழுது, சிறகு பெற்ற சிறு விதைகள் காற்றில் பறந்து செல்லும்.

இச்செடி ஏன் நிமிர்ந்து வளரவில்லை? ஓயாது வீசும் காற்றே இதனை வளைத்துவிட்டது என்று கூறுவார் உளர். மரவெல்லையில் நிற்கும் ஸ்புரூசுக்கு அவ்விடை பொருந்தும். அங்கே கூனிக் குறுகி நிற்கும் ஸ்புரூசின் விதையைச் சமவெளியில் இட்டால் அது நெடிதோங்கி வளரும். குறும்பைனின் விதையைச் சமவெளித் தோட்டத்தில் இட்டு, உரமிட்டு, நீர் பாய்ச்சினாலும் அது புதராகவே படரும். ஆகவே இதன் வளைவு காற்று செய்த ஊனமன்று, பிறவிக் குணமாகும். இதற்கு மிக நெருங்கிய உறவாகிய மற்றொரு மலைப்பைன் பிரனீசு மலையிலும் மேற்கு ஆல்ப்ஸ் மலையிலும் ஒற்றை அடிமரத்துடன் நேராக நிற்கின்றது. இரண்டையும் ஒரே இனமாகக் கொள்வதா, வேறினமாகக் கொள்வதா என்பதில் அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேற்றுமை உண்டு.

தாழ்ந்திருப்பதால் இதற்கு வாய்க்கும் நன்மைகள் பல. வெயில் காயும் பகலில், நிலத்தை ஒட்டிய காற்று, மேலே வீசும் காற்றைவிட வெப்பமாக இருக்கும். குளிர்காலத்தில் பனி ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் கனத்திற்கு மூடிக்கொள்ளும். வெளியே காற்றின் குளிர் உறைநிலைக்குக் கீழே இருபது பாகை சென்றாலும், பனிப்போர்வைக்குள் அத்தகைய கடுங்குளிர் புகாது. குளிரைவிடக் கொடிய பகையொன்று அங்கே உண்டு, அது வறட்சி. எங்கும் பனி நிறைந்த இடத்தில் வறட்சியா என்று வியக்க வேண்டா. மண்ணும் அதிலுள்ள நீரும் உறைந்து கல்லாகிவிடுவதால் வேருக்கு நீர் கிட்டாது. அந்நிலையில், பனிக்குமேல் தலைநீட்டி நிற்கும் கிளையின்மீது பின்பனிக்கால வெயில் படுகின்றது, காற்றும் வீசுகின்றது. இலையிலுள்ள நீர் ஆவியாகப் போகின்றது; போன நீருக்கு ஈடாக மேலேற்ற வேருக்கு நீரில்லை. கிளை செந்நிறமாகிக் கருகும். நீர்வேட்கையால் மாண்ட அக்கிளைகளைக் கண்டு, குளிர் கொன்றதாகவே பலரும் எண்ணுவர். பனிக்குக் கீழே படுத்திருக்கும் குறும்பைனை இத்தீங்கு அணுகுவதில்லை. வழக்கத்துக்கு மாறாகப் பனி குறைந்த ஆண்டில் மட்டும் இதுவும் துன்புறும்.

பனியின் பாரத்தையும் இது பொறுக்கவல்லது. மலைச்சரிவிற் குவிந்த பனி ஒரே இடத்தில் நில்லாது. சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி நகரும். நிமிர்ந்த இளமரத்தை அது முறித்துவிடும். அன்றேல் வேரோடு சாய்த்துவிடும். குறும்பைனின் தண்டு நார்ப்பிடிப்பு மிக்கது. பாரம் ஏறும்பொழுது நிலத்தோடு படிந்து, பாரம் நீங்கியதும் நாண் தளர்ந்த வில்போல் எழும். பனிச்சரிவு இடிமுழக்கத்தோடு பாய்ந்து காடுகளை வாரிச் சென்ற பாதையில், ஓராண்டு கழித்துச் சென்று பார்த்தால், பழுதின்றி நிற்பது பெரும்பாலும் இதுவே.

இனி, இது தான் வாழ்வதோடு நில்லாமல் தன்னைச் சூழ்ந்தவற்றையும் காக்கின்றது. ஆல்ப்ஸ் மலையின் கிழக்குப் பகுதியில் சுண்ணாம்புப் பாறைகள் வெயிலாலும் பனியாலும் வெடித்துச் சரளைக்கல்லாய் உதிர்ந்து சரிவெங்கும் கிடக்கின்றன. கால் வைத்தால் சரியும் அக்கற்குவியலில் குறும்பைன் வேரோட்டி நிற்கும். அதன் உதிர்ந்த இலைகள் கற்களின் இடுக்கில் மக்கி, நூற்றாண்டுக் கணக்கில் ஒரு மெல்லிய கரிய மண்ணை உண்டாக்குகின்றன. கிளைகள் புதுப்பனியைத் தாங்கிப் பிடித்து வைத்திருப்பதால், சரிவு தொடங்கும் இடங்கள் குறைகின்றன. கரும்பெருங்கோழி போன்ற மலைப்பறவைகள் இதன் நிழலில் ஒதுங்குகின்றன. போலந்துக்கும் சுலோவாக்கியாவுக்கும் இடையிலுள்ள தாத்ரா மலையில், ஏறத்தாழ 1,550 மீட்டருக்கும் 1,800 மீட்டருக்கும் இடையே இதன் வளையம் அமைந்துள்ளது. முன்னாளில், ஆடுமாடு மேய்ப்போர் புல்வெளியைப் பெருக்கும்பொருட்டு இதனை வெட்டியும் எரித்தும் அழித்தனர். எண்ணெய்க்காகவும் விறகுக்காகவும் வெட்டியோர் வேறு. புதர் நீங்கிய சரிவுகளில் மழை மண்ணை அரித்துச் சென்றது; பனிச்சரிவுகள் தடையின்றிக் கீழிறங்கின. வெட்டுவதற்கு ஒரு நாள் போதும். அதே அளவு வளர்வதற்கு ஒரு மனிதனின் ஆயுட்காலம் வேண்டும். ஏனெனில் விரலளவு பருமனுள்ள தண்டும் பல்லாண்டு அகவையுடையதாக இருக்கும்.

எண்ணெய் என்றோமே, அது இளங்கிளைகளை நீராவியில் வடித்து எடுக்கப்படுவது. ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் இத்தாலியின் வடபகுதியிலும் இத்தொழில் இன்றும் நடைபெறுகின்றது. இருமலுக்கு ஆவி பிடிக்கவும், தசைநோவுக்குத் தேய்க்கவும் அதனை ஆள்வர். இத்தாலியர் இளங்கூம்புகளைச் சர்க்கரையில் ஊறவைத்து 'மூகோலியோ' என்னும் பாகு செய்வதும் உண்டு.

மலையில் வாழும் இச்செடி, மலையே இல்லாத ஒரு நாட்டின் வரலாற்றில் இடம்பெற்றது வியப்பிற்குரியது. அந்நாடு டென்மார்க்கு; 1620 முதல் 1845 வரை நம் தரங்கம்பாடியைத் தன்வசம் வைத்திருந்த அதே நாடுதான். அங்குள்ள மிக உயர்ந்த மேடும் கடல் மட்டத்துக்கு மேல் 171 மீட்டரே. 1864ஆம் ஆண்டில் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் கூடி டென்மார்க்கின்மீது போர் தொடுத்தன. போரில் தோற்ற டென்மார்க்கு, தெற்கிலிருந்த செழிப்பான நிலப்பகுதிகளாகிய சிலெசுவிக்கையும் ஹோல்ஸ்டைனையும் இழந்தது. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவ்வாறு கைவிட்டுப் போயிற்று. எஞ்சிய நிலத்திலோ, ஜட்லாந்துத் தீபகற்பத்தின் மேற்குப் பகுதி பெரும்பாலும் பாழ்நிலம். முன்னொரு காலத்தில் அங்கே காடு இருந்தது. மக்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டியும் எரித்தும் மேய்த்தும் அதனை அழித்தபின், 'ஹெதர்' என்னும் ஊதாப் பூச்செடி ஒன்றே கண்ணுக்கெட்டிய தொலைவு படர்ந்தது. அச்செடியின் மக்கு புளிப்பு மிக்கது. மழைநீர் அப்புளிப்பைக் கரைத்துக்கொண்டு கீழிறங்கும்பொழுது மண்ணிலுள்ள இரும்பையும் உடன் கொண்டு சென்று, ஓரடி இரண்டடி ஆழத்தில் கல்போன்ற பாளமாகப் படியவைத்தது. வேர் அப்பாளத்தைத் துளைக்க மாட்டாது. நீரும் எளிதில் கீழிறங்காது. போதாக்குறைக்கு, மேற்கே கடலினின்று உப்புக்காற்று தடையின்றி வீசியது.

என்ரிக்கோ டால்காஸ் என்பவர் படைப்பிரிவைச் சேர்ந்த பொறியாளர். 1828இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் டேனியக் குடும்பத்தில் பிறந்தவர். ஜட்லாந்தில் சாலைகள் அமைக்கும் பணியில் ஈடுபட்டிருந்த காலத்தில், பாழ்நிலத்தை வெட்டிச் செல்லும் இடமெல்லாம் மண்ணின் அடுக்குகளை உற்று நோக்கி வந்தார். சாலை போடுவோர் எத்தனையோ பேர். வெட்டிய பள்ளத்தினுள் குனிந்து பார்த்தோர் சிலரே. பாளத்தை உழுது உடைத்தால் இந்நிலமும் பயன்படும் என்பது அவர் துணிபு. 1866ஆம் ஆண்டில், தம்மோடு ஒத்த கருத்துடையோரைச் சேர்த்து, ஓர்கூஸ் நகரில் டேனியப் பாழ்நிலச் சங்கத்தை நிறுவினார். வாளால் இழந்ததை ஏரால் ஈட்டலாம் என்ற ஊக்கம் அக்காலத்து டேனிய மக்களிடையே பரவியிருந்தது. ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டிப் புல்வெளிகளுக்கு நீர் பாய்ச்சினர். சுண்ணாம்புக் களிமண்ணைத் தோண்டியெடுத்து வயல்களில் இட்டுப் புளிப்பை மாற்றினர். இவையெல்லாம் ஒருவாறு கைகூடின. காற்றைத் தடுக்கவும், மரம் பெறவும், காடு வளர்ப்பதுதான் கைகூடவில்லை.

அவர்கள் நட விரும்பியது நார்வே ஸ்புரூஸ். நேரான தண்டும் நல்ல விலையும் உடைய மரம் அது. நட்ட சில ஆண்டுகள் கன்றுகள் தளிர்த்தன. பின்பு வளர்ச்சி நின்றது, இலைகள் மஞ்சளாயின. சாகவுமில்லை, வளரவுமில்லை, ஆண்டுக்கு ஒரு விரற்கடை நீண்டு, ஹெதர்ச் செடிகளுக்கிடையே ஏக்கம்பிடித்த குழந்தைகள்போல் நின்றன. உழவர் தம் சிறு சேமிப்பையும் உழைப்பையும் இட்ட நிலம் அது. மரம் வளரவில்லையெனில் அவர்கள் மீண்டும் ஆட்டுமந்தையோடு அலையவேண்டியதுதான்.

காற்றுக்குத் தடுப்பாக, ஆல்ப்ஸ் மலையிலிருந்து வந்த மலைப்பைன் இனங்களும் அத்தோட்டங்களில் நடப்பட்டிருந்தன. குறும்பைன் அவற்றுள் ஒன்று. புளித்த மணலும் உப்புக்காற்றும் அதற்குப் பொருட்டாகவே இல்லை. தோட்டங்களைக் கவனித்து வந்தோர்க்கு ஒன்று புலனாயிற்று. தனித்து நின்ற ஸ்புரூஸ் மஞ்சளாய் நிற்க, மலைப்பைனின் அருகே நின்ற ஸ்புரூஸ் கரும்பச்சை இலையோடு வளர்ந்துகொண்டிருந்தது! அதுமுதல் இரண்டையும் கலந்தே நட்டனர். ஒரு வரிசை பைன், ஒரு வரிசை ஸ்புரூஸ் என்று நடுவோரும், ஒன்றுவிட்டு ஒன்றாக நடுவோரும் இருந்தனர். இம்முறையால் ஜட்லாந்தின் பாழ்நிலத்தில் பெருங்காடுகள் எழுந்தன.

இவ்வுதவியின் காரணத்தை ஆராய்ந்தவர் பீட்டர் எராஸ்மஸ் மியூல்லர் என்னும் டேனிய வனவியலார். காட்டு மண்ணின் மக்கை, மண்ணோடு கலந்த நன்மக்கு என்றும், கலவாது மேலே தேங்கிய புளிமக்கு என்றும் பகுத்துக் காட்டிய பெருமை அவர்க்குரியது. மலைப்பைனின் வேர்நுனிகளில் ஒருவகைப் பூஞ்சை உறையிட்டதுபோல் ஒட்டி வாழ்கின்றது. அப்பூஞ்சையே காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி ஸ்புரூசுக்கும் உதவுகின்றது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கருதினார். பூஞ்சைகளுக்குக் காற்றிலுள்ள நைட்ரஜனை நேரே பிடிக்கும் ஆற்றல் இல்லை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ஆயினும் வேர்ப்பூஞ்சையில் அவர் கருத்துச் சென்றது வீண்போகவில்லை. மக்கினுள் பூட்டிக்கிடக்கும் நைட்ரஜனை எடுத்து மரத்துக்கு ஊட்டுவதில் அப்பூஞ்சைகளுக்குப் பங்குண்டு. ஹெதர்ச் செடியோ, ஸ்புரூசுக்கு வேண்டிய பூஞ்சைகள் தழைக்க இடங்கொடாது. மலைப்பைன் தன் அடர்ந்த கிளைகளால் நிழல் செய்து ஹெதரை மாய்த்துவிடவே, ஸ்புரூசின் வேருக்கு வழி திறக்கின்றது.

இதன்பின் நிகழ்வதே கவனிக்கத்தக்கது. ஊக்கம் பெற்ற ஸ்புரூஸ் சில ஆண்டுகளில் குறும்பைனின் தலையைக் கடந்து மேலெழும். குறும்பைன் வெயிலை விரும்பும் செடி, நிழலில் வாழமாட்டாது. பனிக்கும் புயலுக்கும் அஞ்சாத அது, தான் ஊட்டி வளர்த்த மரத்தின் நிழலில் மெலிந்து மடியும். பல இடங்களில் அதற்குமுன்பே அதனை வெட்டி விறகாக்கி, ஸ்புரூசுக்கு இடம் அகற்றிக் கொடுத்தனர். டால்காஸ் 1894இல் இறந்தார். அவர் சிலை ஓர்கூஸ் நகரில் நிற்கின்றது. இவ்வரலாறு கீழ்த்திசை நாடொன்றிலும் பேசப்பட்டது. ஜப்பானிய அறிஞராகிய உச்சிமுரா கன்சோ, 1911ஆம் ஆண்டில் ஆற்றிய சொற்பொழிவொன்றில், தோற்ற டென்மார்க்கு மரம் நட்டு மீண்ட கதையையும், அதில் இச்சிறு பைன் செய்த உதவியையும் தம் நாட்டார்க்கு எடுத்துரைத்தார்.

பால்டிக் கடலோரத்தில், இன்று லித்துவேனியாவுக்கும் ரஷ்யாவுக்கும் உரியதாய் இருக்கும் கூர்லாந்து மணல்நாக்கிலும் இச்செடியின் உதவி நாடப்பட்டது. நகரும் மணற்குன்றுகள் அங்கே பல ஊர்களைப் புதைத்துவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குன்றுகளின்மேல் மலைப்பைனை நட்டு மணலைக் கட்டினர். ஆனால் பிசின் மிக்க செடியாதலின் இது தீக்கு எளிதில் இரையாகும். 2006ஆம் ஆண்டில் அங்கு மூண்ட தீயில் இப்பைன்காட்டின் பெரும்பகுதியொன்று கரிந்து போயிற்று.

ஓரிடத்துக்கு நலமாவது மற்றோரிடத்துக்கும் நலமாகவே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. டென்மார்க்கின் கடற்கரை மணற்குன்றுகளில் காற்றைத் தடுப்பதற்காக நட்ட மலைப்பைன், வேலியிட்ட இடத்தோடு நின்றுவிடவில்லை. திறந்த மணல்வெளிக்கே உரிய அரிய செடிகளும் பூச்சிகளும் பறவைகளும் அங்கு உண்டு. அவற்றின் இடத்தையெல்லாம் இது மூடலாயிற்று. ஆகவே, ஒருகாலத்தில் கூலி கொடுத்து நட்ட செடியை இன்று கூலி கொடுத்து வெட்டுகின்றனர். ஜட்லாந்தின் வடமேற்குக் கரையில் 2008ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட, அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவில் இவ்வேலை நடைபெறுகின்றது. நியூசிலாந்திலும் மலைச்சரிவின் மண்ணரிப்பைத் தடுக்க இதனைக் கொணர்ந்து நட்டனர். ஆடு மேயும் புல்மலைகளிலும், மரமின்றியே இயற்கையாக அமைந்த உயர்நிலங்களிலும் அது ஓயாது பரவவே, அந்நாட்டு அரசு 2016 முதல் இத்தகைய அயல்நாட்டு ஊசியிலை மரங்களை ஒழிக்கும் பெருந்திட்டமொன்றை மேற்கொண்டுள்ளது.

வெட்டிய இடத்திலும் வேலை ஒரு முறையோடு முடிவதில்லை. அருகிலுள்ள பழைய தோட்டங்களில் கூம்புகள் முற்றி விரியும்பொழுதெல்லாம், சிறகு பெற்ற விதைகள் காற்றோடு வந்து மணலில் இறங்குகின்றன. சில ஆண்டுகள் சென்றபின், விரல் நீளத்துக்கு எழுந்து நிற்கும் இளங்கன்றுகளைத் தேடிப் பிடுங்குவதற்கு ஆட்கள் மீண்டும் அக்குன்றுகளில் ஏறவேண்டியிருக்கின்றது.